பாதி குடித்த போத்தில்

எனக்கு இருபத்தெட்டு வயது. வைன் வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்க வேண்டாம். மற்றவர்கள் அறுபத்தைந்து வயதுவரை இழுபடுகிறார்கள் என்றால், விஷயம் விளங்க அவர்களுக்கு அவ்வளவு காலம் எடுக்கிறது. பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில்தான் நான் கடைசி வாங்கு. இதில் முந்திவிட்டேன்.

என் இடத்துக்குப் புதிதாக உங்களை எடுத்திருப்பதாகக் கேள்வி. வானின் திறப்புச் சாவியும் கொம்பனி ஜாக்கெட்டும் தந்திருப்பார்கள். ஜாக்கெட் என் உடம்புக்கு வாங்கியது, உங்களுக்கு வயிற்றில் இறுக்கும். பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டு இதை வாசியுங்கள். பெட்டிகளை எப்படி அடுக்குவது, வானை எங்கே நிறுத்தினால் கவுன்சில்காரன் அபராத டிக்கெட் எழுதமாட்டான் என்பதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எங்கே நிறுத்தினாலும் எழுதுவான். நான் சொல்லப்போவது வேறு. ஒருவர் ஒரு போத்திலைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்து "இது சரியில்லை" என்று சொன்னால் என்ன செய்வது என்பது பற்றி.

முதலில் எங்கள் தொழிலின் வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். சில ரெஸ்டோரண்டுகளை விட்டால், நாங்கள் சாமான் போடுவது கிழக்கு லண்டனில் எங்கள் ஆட்கள் நடத்தும் மூலைக்கடைகளுக்கு. பால், பாண், சிகரெட், லொட்டரி, பின்சுவர் முழுக்கச் சாராயமும் வைனும். அந்தச் சுவரை நிரப்பி வைத்திருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வைனை வாயில் வைத்ததில்லை. அண்ணைமார் பியர் குடிப்பார்கள், விஸ்கி குடிப்பார்கள். வைன் என்றால் இருமல் மருந்து என்பார்கள். அக்காமாரோ செவ்வாய் வெள்ளி மரக்கறி, மற்ற நாள் மீன், எந்த நாளும் தண்ணீர். லேபிளில் குதிரை படம் போட்டதா, குருவி படம் போட்டதா என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். குதிரை நன்றாக ஓடும் என்று ஒரு அண்ணை உண்மையாகவே நம்பினார். ஆகவே அவர்களுக்கு நாக்கு நாங்கள்தான். என் நாக்கின் தகுதியைக் கேட்டால், கொம்பனி என்னை ஒரு வைன் வகுப்புக்கு அனுப்பியது. ருசி பார்த்துவிட்டுத் துப்பச் சொன்னார்கள். வீட்டில் சாப்பாட்டைத் துப்பி வளர்ந்த பிள்ளையா நான்? எல்லாவற்றையும் விழுங்கினேன். மத்தியானத்துக்குப் பிறகு எல்லா வைனும் நல்ல வைன்.

அந்த வகுப்பில் கற்காத ஒன்றை முதலாளி முதல் நாளே கற்பித்தார். கழுத்துச் சட்டம். திருப்பிக் கொண்டு வருகிற போத்திலில் கழுத்தளவுதான் குறைந்திருந்தால் மாற்றிக் கொடு. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் கொண்டு வந்தவன் கள்ளன்.

சட்டம் சும்மா வரவில்லை என்பதைப் பிறகு நானே கண்டேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு ஒருவன் விஸ்கிப் போத்திலைக் கொண்டு வந்து, பழுது என்று சண்டை பிடித்தான். கடைக்கார அண்ணை மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். உள்ளே இருந்தது பால் விடாத தேத்தண்ணி. "சீனி காணாது எண்டு அவனிட்டச் சொல்லிவிடும்," என்றார் அண்ணை. அப்படிப்பட்டவர்களோடு நாள் முழுக்க மாரடிக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் தேவைதான். வைனுக்கும் அது பொருந்தியது. தக்கை பழுதான வைன் திறந்த உடனேயே நனைந்த காட்போட் மாதிரி நாறும். நேர்மையானவன் முதல் மிடறிலேயே நிறுத்தி மூடிக்கொண்டு வந்துவிடுவான். பாதி குடித்தவனுக்கு அது நாறவில்லை என்றுதானே அர்த்தம்? நான் இந்தச் சட்டத்தை எல்லாக் கடைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஃபாரஸ்ட் கேட்டில் வதனி அக்காவின் கடைக்கும்.

வதனி அக்கா ஜேர்மனியில் ஹோட்டல் அறைகள் துடைத்துக் களைத்து, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். கணவர் மினிகாப் டாக்சி ஓட்டினார், கடை அக்காவின் கையில். அவருடைய இங்கிலிஷுக்குள் ஜேர்மன் இருக்கும், ஜேர்மனுக்குள் பருத்தித்துறைத் தமிழ் இருக்கும். நான் வானை நிறுத்த முன்பே தொடங்கிவிடுவார்.

"வந்திட்டான் பெரிய மாப்பிளை. போன கிழமை தந்த வெள்ளை வைனை ஒருத்தரும் தொடுகினமில்லை. நீயே கொண்டுபோய்க் குளி."

"குளிச்சால் வெள்ளையா வருவனோ அக்கா?"

"உன்ர நிறத்துக்கு ஒரு கப்பல் வைன் வேணும்."

இரண்டாயிரத்து ஒன்பது அது. மாசி மாதம் அவுஸ்திரேலியாவில் காடு பற்றி எரிந்ததை டிவியில் காட்டினார்கள். பார்த்தோம், பார்க்கவில்லை. எங்கள் கண் வன்னி யுத்தத்தில் இருந்தது. அக்காவின் தம்பி அங்கே. சித்திரையில் கடையைப் பூட்டிவிட்டு அக்கா பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டத்தில் போய் நின்றார். வைகாசியில் எல்லாம் முடிந்தது. தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

அந்த நாட்களில் கடைக்கு வந்த வெள்ளை, கறுப்பு எல்லோரும் சிகரெட் கேட்டார்கள், பால் கேட்டார்கள். ஒரு ஆள் மட்டும் வேறு கேட்டார். டெஸ்மண்ட். ஜமேக்காவில் பிறந்து, லண்டனில் பஸ் ஓட்டி, ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமைதோறும் தனக்கும் மனைவிக்கும் ஒரு சிவப்பு வைன் வாங்குவார். வைகாசிக்குப் பிறகு வெள்ளிக்கிழமை இல்லாத நாட்களிலும் வந்தார். ஒன்றும் வாங்கமாட்டார். வாசலில் நின்று "தம்பியிடமிருந்து செய்தி வந்ததா?" என்பார். அக்கா இல்லை என்று தலையை ஆட்டுவார். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். எங்கள் சங்கங்கள், கோயில்கள் எல்லாம் கூட்டம் வைத்தன. அக்காவுக்கு அந்தக் கேள்விதான் உதவியது என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன்.

கோடை முடிய ஒரு அவுஸ்திரேலியச் சிவப்பு எங்கள் வெயார்ஹவுஸுக்கு வந்தது. மலிவு. அழகான லேபிள். எங்களுக்கு வைன் தெரிவு செய்கிற மேடம் ருசி பார்த்துச் சரி என்றார். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். அவருக்கு நான் வைத்த பெயரும் வேண்டாம், மூக்கைப் பற்றியது. உண்மையில் அந்த மூக்குக்கு ஒரு கோயில் கட்டலாம். நான் காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதை வாசலில் நிற்கும்போதே சொல்வார். ருசி பார்க்கிற எல்லோரையும் போல அவரும் ஒரு மிடறு எடுத்து, வாயில் உருட்டி, துப்பி, அடுத்ததுக்குப் போவார். ஒரு காலையில் ஒரு மேசை நிறைய வைன். துப்பாவிட்டால் என் கதிதான்.

ஐப்பசியில் ஒரு நாள். அக்காவின் கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். டெஸ்மண்ட் வந்தார், கையில் அந்தச் சிவப்பு, பாதிக்குக் கீழே. கவுன்டரில் வைத்தார்.

"வதனி, இது சரியில்லை. முதல் கிளாஸ் நன்றாக இருந்தது. இரண்டாவதில் சாம்பல். ஆஷ்ட்ரேயை நக்கினது மாதிரி. மனைவியும் அதையேதான் சொன்னாள்."

அக்கா போத்திலை வெளிச்சத்துக்கு உயர்த்தினார். வைன் நின்ற மட்டத்தை நகத்தால் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"பார் தம்பி. பாதியைக் குடிச்சு முடிச்சாப் பிறகுதான் இவருக்கு நாக்கு முளைச்சிருக்கு."

நான் சிரித்துவிட்டேன். பகிடி நல்ல பகிடி. டெஸ்மண்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் போத்திலின் மட்டத்தைத் தொட்ட நகத்தைப் பார்த்தார், என் பல்லைப் பார்த்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அக்கா இங்கிலிஷில், "பாதி முடிந்துவிட்டது, மாற்ற முடியாது, கொம்பனி எடுக்காது," என்றார்.

"மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை," என்றார் டெஸ்மண்ட். "வேறு ஆட்களுக்கு விற்காதே என்று சொல்லத்தான் கொண்டு வந்தேன்."

போத்திலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அக்கா கவுன்டரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"பிடிபட்டா எல்லாரும் உப்பிடித்தான் கதைப்பினம்," என்றார். என்னிடம் சொன்னதா, துணியிடம் சொன்னதா தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை டெஸ்மண்ட் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை.

இதற்கிடையில் மற்றக் கடைகளிலும் அந்தச் சிவப்பு பாதிப் பாதியாகத் திரும்பி வந்தது. கடைக்காரர்கள் சட்டப்படி விரட்டினார்கள், பிறகு அந்த வீரத்தை என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போனேன். செவன் கிங்ஸில் ஒரு கடையில் சிரிப்பு நின்றது. அங்கே ஒரு டீச்சர் கொண்டு வந்தாராம், "சாம்பல்" என்றாராம். ஈஸ்ட் ஹாமில் ஒரு கட்டட வேலைக்காரன், "சாம்பல்". கள்ளர்களை எனக்குத் தெரியும், என் நண்பர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். கள்ளன் ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு கதை வைத்திருப்பான். ஒருவரையொருவர் தெரியாதவர்கள் வெவ்வேறு தெருவில் நின்று ஒரே சொல்லைச் சொல்கிறார்கள் என்றால், பொய்க்கு அவ்வளவு ஒற்றுமை கிடையாது.

ஞாயிறு மத்தியானம் ஒரு போத்திலை வீட்டில் திறந்தேன். முதல் கிளாஸ் பிளம்ஸ் பழம் மாதிரி, நல்ல வைன். இரண்டாவது கிளாஸின் நடுவில் நாக்கின் பின்பக்கத்தில் ஏதோ ஏறியது. விழுங்க விழுங்கக் கூடியது. அணைத்த நெருப்பை வாயில் வைத்திருக்கிற மாதிரி. தண்ணீர் குடித்தேன், போகவில்லை. எதிரே இருந்த அறை நண்பன் அதே போத்திலில் என்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தான்.

"சாம்பல் மாதிரி இல்லையோடா?"

"உனக்கு விசர். நல்லாத்தானே கிடக்கு. வேண்டாம் எண்டால் இஞ்ச தா."

திங்கட்கிழமை மேடத்திடம் போனேன். அவர் கிளாஸில் ஊற்றி, இந்த முறை துப்பாமல், ஒரு சான்ட்விச்சோடு மெல்ல மெல்லக் குடித்தார். பாதியில் கிளாஸைக் கீழே வைத்தார். மூக்கு சிவந்துவிட்டது.

"அந்த நெருப்பு," என்றார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். நெருப்பு தோட்டத்தைத் தொடவே தேவையில்லை. புகை வந்து நின்றால் போதும். பழத்தின் தோலுக்குள் இறங்கி, உள்ளே இருக்கிற சீனியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கும்வரை மணமில்லை, ருசியில்லை. சிவப்பு வைனைத் தோலோடு ஊறப்போட்டுச் செய்வதால் அதில்தான் கூட இறங்கும். பிறகு குடிக்கிறவனின் எச்சில் பட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டவிழும். போத்திலுக்குள் இருக்க இருக்கவும் அவிழும். ஒரு மிடறு எடுத்துத் துப்புகிறவருக்கு அது பிடிபடாமல் போகலாம். இருந்து ஆறுதலாகக் குடிக்கிறவருக்கே வெளியே வரும். சிலருடைய வாய்க்கு ஒரு போத்தில் முழுக்கக் குடித்தாலும் தெரியாது, அது பிறவி.

"அப்படியென்றால் பாதி குடிக்காமல் தெரியாதா?" என்றேன்.

"அனேகமாக," என்றார் மேடம்.

கழுத்துச் சட்டம் என் கழுத்தைப் பிடித்தது. இவ்வளவு நாளும் எந்த அடையாளத்தைப் பார்த்துக் கள்ளன் என்றோமோ, இந்த வைனில் அதுதான் உண்மை சொல்கிறவனின் அடையாளம்.

மேடம் முதலாளியிடம் போய், எல்லாவற்றையும் திருப்பி எடுக்க வேண்டும் என்றார். அவர் வெளியே வந்த முகத்தைப் பார்த்து நானும் உள்ளே போனேன்.

"அண்ணை, அந்தச் சிவப்பு..."

"தெரியும். ரெஸ்டோரண்டுகளில நிக்கிறதைக் கெதியா எடும். அவங்கள் வழக்குப் போடுவாங்கள்."

"எங்கட கடையளில?"

"அங்க நிக்கட்டும். எடுக்கிறதையும் அங்க இறக்கும்."

"ஏன் அண்ணை?"

"எங்கட ஆக்கள் குடிச்சுப் பாக்கமாட்டினம். பாதிப் போத்திலையும் திருப்பி எடுக்கமாட்டினம். நீர்தானே நல்லாப் பழக்கி வைச்சிருக்கிறீர்." பாராட்டு மாதிரித்தான் சொன்னார். "நானும் கவுன்டருக்குப் பின்னால நிண்டவன்தான் தம்பி. எனக்கு ஆர் பாவம் பார்த்தது? போம், வானில ஏத்தும்."

ஏற்றினேன். ஒரு வான் நிறையச் சாம்பல். அதை எடுத்துக்கொண்டு நேரே வதனி அக்காவிடம் போனேன். வெள்ளிக்கிழமை பின்னேரம். ஒன்றையும் இறக்காமல், மேடம் சொன்னதையும் முதலாளி சொன்னதையும் சொன்னேன்.

அக்கா வாசலில் "குளோஸ்ட்" பலகையைத் திருப்பினார். சுவரிலிருந்து அந்தச் சிவப்பை எடுத்தார். "திற," என்றார்.

"அக்கா, இண்டைக்கு வெள்ளி."

"எனக்கும் கிழமை தெரியும். ஊத்து."

பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினேன். மருந்து குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். முகம் கோணியது. இன்னொன்று கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தார்.

"வருதோ அக்கா? நாக்கின்ர பின்பக்கத்தில?"

"புளிக்குது. கசக்குது. உதுதானே எல்லா வைனும்?"

"சாம்பல்?"

"இல்லையடா." மூன்றாவது முறை ஊற்றினேன். அதையும் முடித்துவிட்டுக் கப்பைக் கசக்கினார். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நான் போத்தில் போத்திலாக் குடிச்சாலும் தெரிஞ்சிருக்காது போல கிடக்கு."

நசுங்கிய கப்பைக் குப்பைக்கூடைக்குள் போட்டார்.

"அப்ப என்னட்ட இருந்தது அந்த மனுசன்ர சொல்லு ஒண்டுதான்," என்றார் அக்கா. "இந்தத் தெருவில என்ர தம்பியை விசாரிச்ச ஒரே ஆள். அந்தாளைப் போய்..."

என்னைக் கூட்டிக்கொண்டு டெஸ்மண்டின் வீட்டுக்குப் புறப்பட்டார். இவ்வளவு காலத்தில் அக்கா அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. கடையில் இருந்த மிக நல்ல போத்திலைத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டார். வழியில் இங்கிலிஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வைனின் வேகத்தில் கொஞ்சம் ஜேர்மனும் கலந்தது.

டெஸ்மண்டே கதவைத் திறந்தார். அக்காவைக் கண்டதும் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. நான் எதிர்பார்த்தது கோபத்தை. இது அந்நியர்களுக்குக் காட்டுகிற மரியாதை.

"டெஸ்மண்ட், சொரி," என்றார் அக்கா. "நீங்கள் சொன்னது சரி. வைன் பழுது. அவுஸ்திரேலியாவில் நெருப்பு, புகை. கொம்பனி பார்த்துவிட்டது. கொம்பனி மேடமே சொல்லிவிட்டார், நீங்கள் பொய் சொல்லவில்லை என்று."

"கொம்பனி சொன்னதா?"

"ஓம், ஓம்! கொம்பனியே சொன்னது."

"நல்லது," என்றார் டெஸ்மண்ட். "அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

புன்சிரிப்போடு போத்திலை இரண்டு கையாலும் வாங்கினார். மனைவிக்குப் பிடிக்கும் என்றார். அக்காவின் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

அக்கா சந்தோஷமாக நடந்தார். "நல்ல மனுசன். கோவிக்கேல்லை, என்ன?" என்றார். கடை தெரிகிற திருப்பத்தில் நின்றார்.

"தம்பி, நான் கொம்பனி சொன்னது எண்டு சொல்லியிருக்கக் கூடாது, என்ன?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறவன் நான், அன்றைக்கு "ஓம் அக்கா" என்றேன்.

வானை அப்படியே கொண்டுபோய் வெயார்ஹவுஸில் விட்டேன். ஒரு பெட்டியும் இறக்கவில்லை. முதலாளி வான் திறப்பை வாங்கிக்கொண்டு, "உமக்கு யாவாரம் சரிவராது," என்றார். நீங்கள் அதற்குப் பிறகுதான் வந்தீர்கள். வெயார்ஹவுஸின் பின்பக்கத்தில் அழகான லேபிளோடு ஒரு சிவப்பு அடுக்கியிருந்தால், எங்கே இறக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கழுத்துச் சட்டத்தை உங்களுக்கும் முதல் நாளே கற்பித்திருப்பார்கள். போத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் குருடனும் தடவிப் பார்த்துச் சொல்வான். அதைக் கொண்டு வந்தவர் யார், இவ்வளவு நாளும் உங்களிடம் எப்படி நடந்துகொண்டவர் என்பதைப் பார்க்கத்தான் உங்களுக்குக் கண் தந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உடனே முடிவெடுங்கள். விசாரித்து, நிரூபித்து, பிறகு போய் நம்புகிறேன் என்று சொன்னால் அதற்குப் பெறுமதி இல்லை.

வதனி அக்கா இப்போது யார் எந்தப் போத்திலைக் கொண்டு வந்தாலும், எவ்வளவு குடித்திருந்தாலும், ஒன்றும் கேட்காமல் மாற்றிக் கொடுக்கிறார். ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற கள்ளர் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. அடி மட்டும் மிஞ்சிய போத்தில்கள் வருகின்றன. நான் கத்திப் பார்த்தேன்.

"குடிச்சிட்டுப் போகட்டும் விடு," என்கிறார்.

டெஸ்மண்ட் வெள்ளிக்கிழமைகளில் எதிர்ப்பக்க நடைபாதையால் போகிறார், கையில் வைன் போத்தில் தெரிகிற சூப்பர்மார்க்கெட் பை. கடைக்கு நேரே வந்ததும் கையை உயர்த்திக் காட்டுவார். அக்காவும் காட்டுவார். ஒரு கிழமையாவது அவர் காட்டாமல் போனதில்லை.